சின்னக்கண்ணு பட்டணம் போகிறாள்

சேசு மரி சூசை துணை

எரியோடு
2-2-1961

அன்பு மகள் ஆனந்தமேரிக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் பனிக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது, நீ அனுப்பிய தைலத்தைத் தேய்த்துக்கொண்டு நடமாடுகிறாள். அங்கே உன் உடம்பும் வேலையும் டில்லிக் குளிரும் எப்படியென்று தெரிந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும், ஆகையால் இதைக் கண்டதும் நாலு வரியாவது போடு. உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுதத் தாமதித்ததற்கு வேலை மட்டும் காரணமில்லை, அதைப் பின்னால் எழுதுகிறேன்.

முதலில் நம் பள்ளிக்கூடத்துச் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன், ஊரே இரண்டு மாதமாக அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறது. டிசம்பரில் பழனியில் நடந்த பள்ளிக் கலை, விளையாட்டு விழாவுக்கு நம் பிள்ளைகளையும் அழைத்துப் போனோம். டவுன் பள்ளிகளெல்லாம் வெள்ளைச் சட்டையும் பூட்சுமாக வந்து நின்றபோது நம் பிள்ளைகள் என் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டார்கள், எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் நாளே ஜவுளி மூட்டை சைக்கிளில் வைத்து விற்கும் பாயின் மகள் நர்கீஸ் கையெழுத்துப் போட்டியில் முதலாவதாக வந்தாள். சடையாண்டி மகன் அழகர் நீளம் தாண்டுவதில் இரண்டாவது, வெறுங்காலோடு தாண்டினான். இரண்டாம் நாள்தான் கோலாட்டம். நீ படித்த காலத்தில் நம் பள்ளியில் இது கிடையாது, தையல் டீச்சர் வியாகுலம்மாள் வந்த பிறகு ஆரம்பித்தது. மேலேயிருந்து பன்னிரண்டு வண்ணக் கயிறு தொங்கும், ஆளுக்கொரு கயிற்றை ஒரு கையிலும் கோலை மறு கையிலும் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு பெண்பிள்ளைகள் குறுக்கும் நெடுக்குமாகப் புகுந்து ஆட ஆட ஜடை மாதிரிப் பின்னல் விழும், பிறகு அதையே திருப்பி ஆடினால் பின்னல் முழுக்க அவிழ்ந்து கயிறு பழையபடி தனித்தனியாகத் தொங்கும். ஒருத்தி ஒரு அடி தப்பினாலும் சிக்குத்தான். பழனியில் போய்ப் பார்த்தால் மேடைக்கு மேலே கயிறு கட்ட ஒரு கம்புகூட இல்லை, பந்தல்காரர் பந்தல் சரிந்துவிடும் என்று கையை விரித்துவிட்டார். வியாகுலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே ஏணியில் ஏறிவிட்டாள். அந்த மனுஷர் பதறிப்போய் "இறங்குங்கம்மா, நானே கட்டித் தாரேனுங்க" என்று மூங்கிலைக் குறுக்கே வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

ஆட்டத்தை முன்னின்று நடத்துகிறவள் எட்டாம் வகுப்பு சின்னக்கண்ணு, மேற்குத் தெரு பெருமாள்சாமியின் மகள், உனக்குச் சின்னப் பிள்ளையாகத்தான் ஞாபகம் இருக்கும். அவள் ஒரு அடி பாட மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். அன்றைக்குப் பாதி ஆட்டத்தில் கூட ஆடிய முத்துப்பேச்சி பயத்தில் இடது பக்கம் போவதற்குப் பதிலாக வலது பக்கம் போய்விட்டாள். சின்னக்கண்ணு பாட்டை நிறுத்தவேயில்லை, அதே அடியை இன்னொரு தடவை பாடி எல்லாரையும் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றவைத்தாள், கயிறு நேராகிவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த நடுவர்களுக்கு அது தப்பென்றே தெரியவில்லை, புது வரிசை என்று நினைத்துக் கை தட்டினார்கள். பிறகு எப்படியம்மா செய்தாய் என்று கேட்டேன், "கயித்தப் பாத்தேன் சார். எங்கிட்டுப் போகணும்னு அதுவே தெரிஞ்சுச்சு, அம்புட்டுத்தான்" என்றாள். முதல் பரிசு நமக்கு. அதோடு முதல் பரிசு வாங்கிய பள்ளி பிப்ரவரி பதினெட்டாம் தேதி மதராஸில் போய் ஆட வேண்டும் என்று மேடையிலேயே சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும்போது ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு பஸ் ஒரு மணி நேரம் நின்றுவிட்டது, பிள்ளைகள் பாடிய பாட்டைக் கேட்டு மார்க்கெட்டு ஆட்கள் ஒரு கூடை தக்காளியை ஜன்னல் வழியாகவே கொடுத்தார்கள். ஊரில் கொட்டடித்து அழைத்தார்கள், பெருமாள்சாமி தன் தோட்டத்து வாழைத்தாரைத் தோளில் சுமந்துவந்து அத்தனை பிள்ளைகளுக்கும் பழம் கொடுத்தார். தாய் ஒச்சம்மாள் மகளின் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றவே விடவில்லை.

அது நடந்து பத்து நாளில் சின்னக்கண்ணு பெரிய மனுஷியாகிவிட்டாள். சடங்கெல்லாம் முறையாகச் சுற்றினார்கள், நாங்களும் போய் வந்தோம். அதன் பிறகு பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. பொங்கல் கழிந்தும் வரவில்லை. அவள் இடத்தில் இன்னொரு பெண்ணை வைத்து மூன்று நாள் ஆடிப் பார்த்தோம், கயிறு காக்காய்க் கூடு மாதிரி சிக்கியது, மற்றப் பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். நான் பெருமாள்சாமியைப் பார்க்கப் போனேன். அவர் மரியாதையான மனிதர், மோர் கொடுத்து உட்காரவைத்து, "படிச்சது போதுங்கய்யா, வயசுக்கு வந்த பிள்ளைய மேடையேத்துனா நாளைக்கி மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்ன கேப்பான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டாவது தடவை வியாகுலம்மாளையும் கூட்டிக்கொண்டு போனேன், தான் கூடவே படுத்து கூடவே எழுந்து பத்திரமாகக் கொண்டுவந்து விடுவதாக அவள் மாதாவின் பேரில் சத்தியம் செய்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டாரே தவிர இறங்கி வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் மட்டும் மூன்றாவது தடவையாகப் போனேன். வெங்காயத்துக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தார், ஒச்சம்மாள் அடுத்த பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல் படிப்பின் பெருமை, பெண்பிள்ளைகளின் திறமை, ஊருக்கு வரப்போகிற நல்ல பெயர் என்று வகுப்பில் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டே போனேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "வாத்தியாரய்யா, ஒண்ணு கேக்கட்டுமா, கோவிச்சுக்கக் கூடாது" என்றார். "பத்து வருசத்துக்கு முந்தி ஒங்க மகளப் பாட்டுப் பாடத் திருச்சிக்குக் கூப்பிட்டாக. திண்டுக்கல் டேசனுக்குக் கூட்டிப்போக அன்னைக்கு வண்டி கட்டிக்கிட்டு வந்தது நாந்தேன். பிள்ளை தலை சீவிப் பூ வச்சு, பெட்டியக் கையில பிடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னுச்சு. நீங்க உள்ள போன்னு சொன்னீக. வெறும் வண்டியத் திருப்பி ஓட்டிக்கிட்டு வந்தேன். ஒங்க பிள்ளைக்கு ஒரு ஞாயம், எம் பிள்ளைக்கு ஒரு ஞாயமா" என்று கேட்டார்.

ஆனந்தம், அன்றைக்கு வண்டி ஓட்டி வந்தது யாரென்றுகூட நான் பார்த்திருக்கவில்லை. காலம் மாறிவிட்டது என்றோ அன்றைக்கு உனக்குக் காய்ச்சல் இருந்தது என்றோ ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம், உன் அத்தைமார் கேட்டபோது காய்ச்சல் என்றுதான் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. "அனுப்பலே பெருமாள்சாமி. நாலு பேர் என்ன சொல்லுவாங்களோன்னு பயந்துட்டேன். நான் செஞ்சது தப்பு. மூணு நாள் அவ சாப்பிடல. அதுக்கப்புறம் எங்கிட்ட எல்லாம் பேசுவா, பாட்டைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை பேசுனதில்ல. நான் இருக்கும்போது வீட்டுல பாடுனதும் இல்ல" என்று சொன்னேன். சொல்லிவிட்டு, ஐம்பத்து மூன்று வயதில் வெங்காயப் பாத்தியில் நின்றுகொண்டு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. தண்ணீர் பாத்தி நிரம்பி வரப்பு மேலே வழிந்தது, அதைக்கூடப் பெருமாள்சாமி கவனிக்கவில்லை. ஒச்சம்மாள்தான் எழுந்து வந்து மடையை மாற்றிவிட்டுப் புருஷனைப் பார்த்து, "படிச்ச மனுசரு, வாய்விட்டுச் சொல்லிப்புட்டாரு. பத்து வருசம் கழிச்சு நீங்களும் எவங்கிட்டயாச்சும் இப்படிச் சொல்லிக்கிட்டு நிக்கப் போறீகளா" என்று கேட்டாள். அவர் மண்வெட்டிக் காம்பைத் தடவிக்கொண்டே, "அப்ப நீயும் கூடப் போ" என்றார். "போறேன்" என்றாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே அரிசி புடைத்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "தோட்டத்துல நின்னு பெருமாள்சாமிகிட்டச் சொன்னீக, சரி. யாருகிட்டச் சொல்லணுமோ அவகிட்டச் சொன்னீகளா" என்றாள். அதிலிருந்து நாலு நாளாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன், தாமதத்துக்கு அதுதான் காரணம். உன்னை அன்றைக்கு அனுப்பாதது என் தப்பு. உன்மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் அன்றைக்கும் இல்லை, நான் ஊருக்குப் பயந்தேன், அவ்வளவுதான். அதற்கான தண்டனை உனக்குப் போய்விட்டது. அப்பாவை மன்னித்துக்கொள்ள வேண்டும் அம்மா. இதற்கு மேல் இதை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

சின்னக்கண்ணு திங்கட்கிழமை காலையில் மணி அடிக்கும் முன்னாலேயே தாவணி கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டாள். மற்றப் பதினொன்றும் ஓடிப்போய் அவளைச் சுற்றிக்கொண்டு கத்திய கத்தலில் முதல் பாடம் நடக்கவில்லை, நானும் கண்டிக்கவில்லை. இப்போது தினமும் சாயங்காலம் புளியமரத்துக் கிளையில் கயிறு கட்டி ஆடுகிறார்கள், தோட்டத்திலிருந்து திரும்புகிற ஜனங்கள் செத்த நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். பதினொன்றாம் தேதி பள்ளி ஆண்டு விழா, நர்கீசுக்கும் அழகருக்கும் கோலாட்டப் பிள்ளைகளுக்கும் அன்றைக்கு ஊர் முன்னால் பரிசு கொடுக்கிறோம், வரவேற்புத் தாளை நர்கீசே தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறாள், அச்சடித்தால்கூட அத்தனை அழகு வராது. பதினாறாம் தேதி திண்டுக்கல்லில் ரயில் ஏறுகிறோம். அதற்கு முந்தின நாள் விபூதிப் புதன், தபசு காலம் தொடங்கியதும் கோலாட்டம் பார்க்கப் போவது பாவமில்லையா என்று உன் அம்மா பங்குச் சாமியாரிடமே போய்க் கேட்டுவிட்டாள், பிள்ளைகளுக்குத் துணையாகப் போவது பாவமில்லை, போகும் வழியில் ஜெபமாலை சொல்லிக்கொண்டு போங்கள் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். ஆமாம், அம்மாவும் வருகிறாள், முழங்கால் வலியெல்லாம் அவளுக்கு இப்போது ஞாபகத்திலேயே இல்லை. ஒச்சம்மாள் இதுவரை ரயிலில் ஏறியதே கிடையாது, ஓடுகிற ரயிலில் தூங்கினால் கீழே விழுந்துவிடுவோமா என்று தினமும் வந்து அம்மாவிடம் கேட்கிறாள், பதினாறு பேருக்கும் புளிச்சோறு தான்தான் கட்டுவேன் என்று இப்போதே புளி எடுத்து வைத்துவிட்டாள். பெருமாள்சாமி நேற்று ஆசாரியிடம் சொல்லிப் பன்னிரண்டு கோல் புதிதாகக் கடைந்து வாங்கி என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

உன் கடிதத்தில் கடைசியாக ஒரு வரி எழுதியிருந்தாய். மார்ச்சில் உங்கள் ஆஸ்பத்திரி விழாவில் தமிழ்ப் பாட்டு ஒன்று பாடும்படி மேட்ரன் அம்மாள் கேட்கிறார்கள், நீ சிநேகிதிகளோடு அறையில் பாடியதை அவர்கள் கேட்டுவிட்டார்களாம், வீட்டுக்கு எழுதிக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருப்பதாக எழுதியிருந்தாய். இருபத்து மூன்று வயதில் ஒரு வார்டு முழுவதையும் பொறுப்பாகப் பார்க்கிற என் மகள் ஒரு பாட்டுப் பாட என்னைக் கேட்டுக்கொண்டு நிற்கும்படி நான் வைத்திருக்கிறேனே என்று இருந்தது. பாடு அம்மா. இந்தக் கடிதம் கைக்கு வந்த உடனே போய்ச் சரி என்று சொல்லிவிடு. இனிமேல் யார் கூப்பிட்டாலும் அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லாதே, உனக்குப் பிடித்தால் பாடு, பிடிக்காவிட்டால் முடியாது என்று சொல், இரண்டும் உன் இஷ்டம்.

இரவு டூட்டி முடிந்ததும் வெறும் வயிற்றோடு படுக்காதே, ஒரு டம்ளர் பாலாவது குடி. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாதே. தேவமாதா உன்னோடு கூடவே இருந்து உன் கைபட்ட நோயாளிகளையும் உன்னையும் காப்பாற்றுவாளாக. பாடுகிற அன்றைக்கு என்ன சேலை கட்டிக்கொள்ளப் போகிறாய் என்று அம்மா கேட்கச் சொல்கிறாள், ஊதாப் பட்டுக்கரை உனக்கு எடுப்பாக இருக்குமாம். என்ன பாட்டு என்று எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
ம. பாஸ்கல்