பூட்டுச் செருப்பு

ஆகஸ்ட் 11, திங்கள்

மூடுபனி. ஒன்பது மணி வரை எதிர்வீடு தெரியவில்லை. துவைத்த துணி மூன்றாவது நாளாகக் கொடியில்.

செய்ய வேண்டியவை: கேஸ் பதிவு. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை. பள்ளி அலுவலகத்தில் நான் எழுத வேண்டிய டி.சி. ஆறு, அதில் நான்கு பாக்கி. மாதா கோயிலில் பூசைக்குப் பெயர் கொடுக்க வேண்டும், 31 ஞாயிறு. தம்பி போய் ஒரு வருடம்.

தம்பியை இங்கே அ. என்றே எழுதுகிறேன். முழுப் பெயர் எழுதப் போனால் பேனா நின்றுவிடுகிறது.

நான்கு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் சைக்கிளில் மிதித்து ஏறி வந்து, அக்கா காப்பி என்று கேட்கிறவன். சைக்கிள் பின்கட்டில் நிற்கிறது. அம்மா சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

இரவு சாப்பாட்டின்போது அம்மா, தட்டைப் பார்த்தபடி: "அந்த சைக்கிள ஓட்டறதா இருந்தா நீ ஓட்டு கண்ணு. இல்லீன்னா பூசை அன்னிக்கே கோயிலுக்குக் குடுத்துரலாம். செம்மநத்தம் ஊர்ப் பசங்க யாருக்காச்சும் ஆகும். சும்மா நிக்கறதப் பாக்க முடியல."

"நான் ஓட்டறேம்மா."

"வாயில சொன்னா ஆச்சா. பூசைக்கு அதுலயே வா, பாக்கறேன்."

சரி என்றேன். ஏன் சொன்னேன், தெரியவில்லை. நாற்பத்தொரு வயது. சைக்கிள் தொட்டு இருபது வருடம். ரசத்தில் உப்பு இல்லை. இரண்டு பேருமே சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தூறல். சாக்கை எடுத்தேன். அ.வின் சைக்கிள் பையில் இருந்தவை: கைப்பம்பு. டியூப் ஒன்று. திருகாணி முடுக்கும் மடக்குச் சாவி. கடலை மிட்டாய் இரண்டு, இளகியது. பழைய துண்டின் கிழிசல், எண்ணெய்ச் சிக்கு, செயின் துடைக்கிற துணி போல. எறிய நினைத்தேன். குப்பைத்தொட்டி வரை போகச் சோம்பல். திரும்பப் பையில்.

பக்கத்திலேயே அவனுடைய சைக்கிள் ஷூ, அதன் அடியில் ஒரு கட்டை. பெடலில் வைத்து அழுத்தினால் டக்கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். அவன் வாங்கிவந்த அன்றே அம்மா இதற்குப் பெயர் வைத்துவிட்டாள்: பூட்டுச் செருப்பு. சாதாரணச் செருப்போடு மிதித்துப் பார்த்தேன். பெடல் சுண்டைக்காய் அளவு, வழுக்குகிறது. ஆக, இதைத்தான் போட வேண்டும். அளவு சரியாக இருக்கிறது. ஆணுக்கு அவன் கால் சின்னது, பெண்ணுக்கு என் கால் பெரியது, இரண்டு பேருக்கும் ஏழாம் நம்பர். இதைச் சொல்லியே என்னை அழ வைப்பான் சின்ன வயதில்.

ஷூவுக்குள் தேங்காய் எண்ணெய் வாசனை. அவன் தலையின் வாசனை. ஒரு வருடம் ஆகியும் இருக்கிறது. முகர்ந்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தரம் முகர்ந்தேன். கீழே வைத்துவிட்டு டி.வி. பார்த்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

வெயில், அதிசயமாக. வீட்டு முன்னால் நூறு அடி ஓட்டினேன். ஓட்டம் நன்றாகவே வந்தது. நிறுத்தினேன். கால் வரவில்லை. இடப்பக்கம் அப்படியே சாய்ந்தேன், வெட்டிய வாழை மாதிரி, அவசரமே இல்லாமல்.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டுக்காரர், குடையை மடக்கிக்கொண்டே: "ஏனுங்க, ஓடறப்ப உழுவாங்க, பாத்திருக்கறேன். நீங்க நின்ன எடத்துல உழுந்துட்டீங்களே."

அம்மா வாசலுக்கு வந்தாள். என்ன ஆச்சு என்றாள்.

"கால் கழல மாட்டேங்குதும்மா."

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். உடனே உள்ளே போய்விட்டாள். முழங்கையில் தோல் போயிருக்கிறது. வலி இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம், மிட்டாய், மழை. எல்லாரும் போன பிறகு பள்ளி மைதானத்தில் பழகினேன். விழுந்தது மூன்று. எல்லாம் இடப்பக்கம். விதி மனப்பாடம்: நிற்பதற்கு முன்பே கழற்று. தெரிகிறது. குதிகாலைத் திருப்பத்தான் செய்கிறேன். திரும்புகிறது. ஆனால் விடுவதில்லை.

சாக்ஸ் பிசுபிசுப்பு. வியர்வை. இந்தக் குளிரில் இவ்வளவு வியர்வையா.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஏரிக்கரைத் திருப்பம். சுற்றுலாக் கூட்டம். எதிரே வேன். பிரேக் பிடித்தேன். மக்காச்சோளம் சுட்டு விற்கிற ஒரு அம்மாவின் அடுப்புக்கு முன்னால் விழுந்தேன். யாரோ ஒருவர், "தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்" என்றார். மலைமேல் காற்றுக்கா பஞ்சம். காலை விடுவிக்கத்தான் ஆள் இல்லை.

சோளக்கார அம்மா குனிந்து என் கணுக்காலைப் பிடித்து இழுத்தார். கால் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஷூ வரவில்லை.

"செருப்பு அங்கியே நிக்குதுங்களே. என்னுங்க மந்திரம் இது."

நடுரோட்டில் ஒற்றை சாக்ஸோடு நின்றேன். வெட்கப்பட வேண்டிய இடம். படவில்லை. ஒரு சோளம் வாங்கித் தின்றேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பஸ்ஸில் பின் சீட்டில், எனக்குக் கேட்காது என்று நினைத்து: "தம்பி போயி வருசம் திரும்பல, சைக்கிள் கேக்குது பாரு." கேட்டது. வேறு யாரையோ பற்றிச் சொல்வது போலத்தான் இருந்தது. டிக்கெட்டை மடித்து மடித்து, மடிக்க முடியாத அளவுக்கு மடித்தேன்.

மாலை: விழுந்தது இரண்டு. முன்பு எப்போதாவது கழன்றது. இப்போது அதுவும் இல்லை. பழகப் பழக மோசமாகிற ஒரே காரியம் இதுதான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மழை. பழகவில்லை. பத்து நாள் இருக்கிறது. முடியாது என்று அம்மாவிடம் சொல்லிவிடலாம். சொன்னால் சைக்கிள் போகும், பின்கட்டு காலியாகும். ஷூவும் போகும், அந்த வாசனையும். சட்டைகளைப் போன வருடமே கொடுத்துவிட்டோம், அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. இதையும் கொடுத்துவிட்டு எதுவும் தோன்றாமல் போனால் என்ன செய்வது. அதுதான் பயம்.

உட்கார்ந்தே இருந்ததில் கால் மரத்துப்போனது. உதறியதும் சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 23, சனி

காய் இறக்கிவிட்டுக் காலியாகப் போகிற டெம்போவில் சைக்கிளை ஏற்றி அடிவாரம். இறங்க இறங்கக் காது அடைத்தது. அ. வழக்கமாகப் போகிற சைக்கிள் கடை. மெக்கானிக்குக் கையெல்லாம் கறுப்பு, பேச்செல்லாம் மெதுவு. சைக்கிளைப் பார்த்ததுமே என்னையும் பார்த்தார். துக்கம் விசாரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். விசாரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

ஸ்டாண்டில் சைக்கிளை நிறுத்தி, என்னை ஏறச் சொன்னார். "இப்பக் கழட்டுங்க."

திருப்பினேன்.

"திரும்புனது உங்க காலுங்க. செருப்பு திரும்பலீங்களே." ஷூவைக் கழற்றச் சொல்லி உள்ளே விரல் விட்டுப் பார்த்தார். விரலை மூக்கில் வைத்தார். "தேங்காண்ணைங்க. நொம்ப இருக்குது. காலு உள்ளாறயே வழுக்கிச் சுத்துது, அப்பறம் எப்பிடீங்க கழலும்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தலை எண்ணெயாக இருக்குமோ என்று கேட்டுவிட்டேன். தலையில் செருப்புப் போடுகிற ஆள் யாருங்க என்றார். சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டார்.

பெடலின் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தார். "தம்பியும் பழகறப்ப இந்தக் கடை முன்னாலயே ரெண்டு தடவ உழுந்தாருங்க. அப்பறம் என்னமோ கண்டுபுடிச்சுட்டாரு. உழுகவே இல்ல."

என்ன கண்டுபிடித்தான் என்று கேட்டேன். சொல்லலீங்க என்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

விடியற்காலை ஐந்தரை. தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறையில் விளக்கு. அம்மா முக்காலியில். மடியில் ஒரு ஷூ, பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். விரலில் எண்ணெய் தொட்டு ஷூவுக்குள் தடவிக்கொண்டிருந்தாள், குழந்தைக்குக் காது மடலில் தடவுவது போல.

"என்னம்மா பண்ற?"

"பூட்டு எறுகிப்போனா எண்ணெய்தான உடோணும். அவன் மொத மொத உழுந்து ஊட்டுக்கு வந்தப்பவே சொன்னான், கால் கழல மாட்டேங்குதும்மான்னு. அப்ப இருந்து சனிக்கெழமயானா போடறேன். உள்ளாற போட்டாத்தான் கால் லேசா வரும். அப்பறம் அவன் உழுகவே இல்ல. நீயும் அதயேதான் சொன்ன. அதுல இருந்து தெனமும் போடறேன்."

"அவன் போன பிறகுமா போட்டே? இந்த ஒரு வருசமா?"

"சனிக்கெழம வருதுல்ல."

எண்ணெய்தான் வழுக்குகிறது என்று சொல்ல வாய் எடுத்தேன். அம்மாவின் விரல் இன்னும் ஷூவுக்குள் இருந்தது. சொல்லவில்லை. காப்பி போடட்டுமா என்று கேட்டேன்.

பிறகு பின்கட்டுக்குப் போய்ப் பையைத் திறந்து அந்தத் துண்டுக் கிழிசலை எடுத்தேன். செயின் மசி இல்லை அதில். ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. தேங்காய் எண்ணெய்.

சனிக்கிழமை அம்மா போடுவாள். ஞாயிற்றுக்கிழமை தெருமுனை தாண்டி நின்று இவன் துடைப்பான். ஷூ வாங்கியதிலிருந்து மூன்று வருடம். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம்கூட.

அருள். எழுதிவிட்டேன். கள்ளன்.

அப்படியானால் நான் முகர்ந்தது அவன் தலையை அல்ல. அம்மாவின் கையை.

அழுகை வரும் என்று பின்கட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. பசித்தது. பையில் இருந்த கடலை மிட்டாயைத் தின்றேன். காறல். இரண்டையும் தின்றேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

தெருமுனை தாண்டி, சில்வர் ஓக் மரத்தடியில் நின்று இரண்டு ஷூவையும் துடைத்தேன். உள்ளே, விரல் போகும் வரைக்கும். ஏரி வரை போய் வந்தேன். டக். டக். விழவில்லை.

டி.சி. எல்லாம் முடிந்தது. மாத்திரை வாங்கியாயிற்று.

ஆகஸ்ட் 28, வியாழன்

துடைத்தேன். ஆனால் பேருந்து நிலையம் அருகே வேறு நினைப்பில் கழற்ற மறந்து விழுந்தேன். எண்ணெய் மேல் பழி போட முடியாது, சொந்தத் தப்பு. முழங்கால். வலித்தது. நன்றாகவே வலித்தது. ஓரமாக உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பனி, பிறகு வெயில். அம்மா முன்னாலேயே ஆட்டோவில் போய்விட்டாள். கிளம்பும்போது பார்த்தேன், ஷூ இரண்டும் பளபளவென்று வாசற்படியில். இன்று இரட்டிப்பு எண்ணெய். மரத்தடியில் துடைத்து முடிக்கக் கால் மணி நேரம். துண்டு ஊறிவிட்டது.

கோயில் மேட்டில் மூச்சு வாங்கியது. அம்மா கேட் பக்கத்தில் முக்காடு போட்டு நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்தாள். வேகம் குறைத்தேன். குதிகாலைத் திருப்பினேன். டக். கால் தரையில்.

அம்மா நிம்மதியாக மூச்சு விட்டாள். "பாத்தியா. எண்ணெய் போட்டதுக்கு எப்பிடி லேசாக் கழண்டுச்சு."

"ஆமாம்மா."

"அவனும் இப்பிடியேதான் சொல்லுவான்."

பூசையில் அருளின் பெயரை வாசித்தார்கள். அம்மா என் கையைப் பிடித்தாள். இரண்டு பேர் கையிலும் ஒரே வாசனை. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நானும் முக்காடு போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

சைக்கிள் பின்கட்டில். சாக்குப் போடவில்லை.

வாங்க வேண்டியவை: தேங்காய் எண்ணெய், அரை லிட்டர். பழைய துண்டு ஒன்று கிழிக்க வேண்டும்.