நிலையானவரின் மூன்று விசிட்டிங் கார்டுகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் இடுப்பைத் தவிர. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நீ கட்டிக்கொள்ளப்போவதாக எழுதியிருந்த ஆள் போன செவ்வாய்க்கிழமை என்னைப் பார்க்க நம் சலவைக்கடைக்கே வந்தார், நான் அவருடைய கோட்டுப் பையைத் துழாவிவிட்டேன். காரணம் நீதான். பெயர் கான்ஸ்டன்டைன், லத்தீனிலிருந்து வந்தது, நிலையானவர் என்று அர்த்தம், ராஜாக்களே வைத்துக்கொண்ட பெயர் என்று இரண்டு பக்கம் எழுதினாய், என்ன வேலை என்று ஒரு வரி இல்லை. அந்த லத்தீனை இப்போது எந்த வீட்டிலும் பேசுவதில்லை என்றும் நீயே எழுதியிருக்கிறாய், பேச ஆளில்லாத பாஷையில் நற்சான்று கொண்டுவந்தால் நான் யாரிடம் போய் விசாரிப்பேன்?

வந்தவர் வாசலிலேயே அத்தை என்றார். அந்த உரிமையே எனக்குச் சந்தேகம்தான், மாப்பிள்ளை என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. கோட்டு கசங்கியிருக்கு, கழட்டுங்க, தேச்சுத் தர்றேன் என்றேன். தேய்க்கும் முன் பையைக் காலி செய்வது நம் கடை வழக்கம், ஆகவே பாதிப் பாவம்தான். உள்ளே மூன்று விசிட்டிங் கார்டு, மூன்று கம்பெனி, மூன்றிலும் நிலையானவர் பெயர். சீட்டுக்கட்டு மாதிரி மேசையில் பரப்பி, இதுல எது நீங்க என்றேன். நான் நிலையாத்தான் இருந்தேன் அத்தை, கம்பெனிங்கதான் ஒண்ணொண்ணா மூடிட்டுப் போயிருச்சு என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் அடக்கிக்கொண்டு மூணாவதுமா என்று கேட்டேன். போன மாசம் அதுவும் போச்சு, உங்க பொண்ணுகிட்ட இன்னும் சொல்லல, நீங்களும் சொல்லாதீங்க என்று தரையைப் பார்த்தார். என் வாயில எதுவும் தங்காது தம்பி, நீங்களே சொல்லிருங்க என்றேன்.

இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேர எட்டு நாள் ஆகும். அதற்குள் அவர் வாயாலேயே உன்னிடம் சொல்லியிருந்தால் எனக்குச் சம்மதம், வேலை இன்றில்லை என்றால் நாளை கிடைக்கும். சொல்லாமல் இருந்தால் பெயருக்கு எந்த பாஷையில் என்ன அர்த்தம் இருந்தாலும் வேண்டாம் கண்ணு. யோசித்து முடிவெடு, எதுவானாலும் என் ஆசீர்வாதம் உனக்கு உண்டு, பல் டாக்டரிடம் போக மறக்காதே. பேச்சு மும்முரத்தில் இஸ்திரிப் பெட்டியை அவர் கோட்டின் முதுகிலேயே வைத்துவிட்டேன், பெட்டி அளவுக்கு ஓட்டை. தேய்த்து வைத்திருந்த உன் அப்பாவுடைய கோட்டை அவருக்குப் போட்டு அனுப்பினேன், கை முழங்கை வரைதான் வந்தது. அப்பா இரண்டு நாளாக அந்தக் கோட்டை பீரோவில் தேடிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா