‘நார்மல்’ என்று நீ எழுதிய குப்பி

மாப்ள,

போன வாரம் ஆய்வகத்து உறைபெட்டியில் வேறெதையோ தேடும்போது உன் குப்பி கையில் தட்டுப்பட்டது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. பனியைத் துடைத்தால் நீல மையில் உன் கோணல் கையெழுத்து: ‘நார்மல்’. நீ போய் ஐந்து மாதமாகிறது. இது கண்ணில் பட்டுவிடக் கூடாதென்றே அந்த அடுக்கை இவ்வளவு நாளும் திறக்காமல் இருந்தேன். பயம்தான், வேறென்ன.

நம் வேலையை யாருக்காவது விளக்க வேண்டுமென்றால் நீ குடத்தைத்தான் காட்டுவாய். வாடிப்பட்டிப் பக்கம் ஆராய்ச்சிக்கு ரத்தம் வாங்கப் போனபோது மாரியம்மா அக்கா வீட்டு வாசலிலும் அதே கதைதான்.

“குடத்து வாயில ஊதுனா ஒரு சத்தம் வரும்லக்கா, தண்ணி கூடக்கூட அது மாறும்ல? எங்ககிட்ட முடி மொத்தத்துல ஒரு கண்ணாடி உருண்டை இருக்கு. அதுக்குள்ள வெளிச்சம் சுத்திக்கிட்டே இருக்கும். கிட்னி கெடும்போது ரத்தத்துல ஒரு பொருள் கூடும். அது வந்து உருண்டையில ஒட்டுச்சுன்னா வெளிச்சத்தோட நெறம் துளி நகந்துரும்.”

அக்கா அசரவில்லை. “ரத்தத்த எடுத்துட்டுப் பேசாமப் போயிராதீக. என்ன இருக்குன்னு வந்து சொல்லணும்” என்றார். ஆராய்ச்சிக் கருவியை நம்பி யாருக்கும் முடிவு சொல்லக் கூடாதென்று நம் இருவருக்கும் தெரியும். ஆனாலும் நீ தலையாட்டிவிட்டாய். மற்ற வீடுகளிலும் அப்படியே.

ரத்தத்தில் இருக்கும் மற்றவையும் கொஞ்சம் உருண்டையில் ஒட்டத்தான் செய்யும். அதனால் நோயில்லாத ஒருவரின் ரத்தத்தை முதலில் உருண்டைமேல் ஓடவிட்டு, அந்த அளவை எல்லோருடைய கணக்கிலிருந்தும் கழிக்க வேண்டும். அதற்கென்று விலைக்கு வாங்கும் ரத்த மாதிரி அப்போது வந்து சேரவில்லை. அவசரத்துக்கு நம்மில் ஒருவர் கொடுப்பதுதான் நம் வழக்கம். அன்றைக்கு என் முறை. ஊசியைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

“தள்ளு மாப்ள, நான் தாரேன். அலங்காநல்லூர் ரத்தம், இத விட நார்மல் எங்க கெடைக்கும்?” என்று கையை நீட்டினாய். நான் சிரித்தேன். தப்பித்தோம் என்றுதான் இருந்தது.

அதன்பிறகு யார் ரத்தத்தை விட்டாலும், கழித்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. “உருண்டை மந்தமா இருக்கு, என் கைதான் சரியில்ல” என்று உன்னையே நொந்துகொண்டு, கண்ணாடி இழையை நெருப்பில் உருக்கிப் புதிது புதிதாகச் செய்து பார்த்தாய். அதிலும் மாற்றமில்லை. கடைசியில் வாக்குக் கொடுத்தபடி வீடு வீடாகப் போய், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தாய்.

பிறகு உன் கால் வீங்கியது. செருப்பு பத்தவில்லை என்று கடைக்காரரைத் திட்டினாய். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, ரொம்ப நாளாகவே இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அந்தக் குப்பி நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்கவில்லை. டயாலிசிஸ் கட்டிலில் ஒருநாள் நீயே கேட்டாய்: “மாப்ள, நம்ம நார்மல் நான்தானே?”

“அதெல்லாம் இப்ப எதுக்குடா” என்று பேச்சை மாற்றினேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அன்றே ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

போன வாரம் உன் குப்பியின் பனி இறங்கும்வரை காத்திருந்து, விலைக்கு வாங்கிய ரத்த மாதிரியை முதலில் ஓடவிட்டு, பிறகு உன்னுடையதை ஓடவிட்டேன். திரையில் கோடு நகர்ந்தது. நின்றுவிடும் என்று பார்த்தால் நகர்ந்துகொண்டே போனது. பழைய கணக்கையெல்லாம் திரும்பப் போட்டதில் ஏழு பேர் எல்லையைத் தாண்டி நின்றார்கள். உன் ரத்தத்தைக் கழித்தபோது அவர்களுடைய நோயையும் சேர்த்துக் கழித்திருக்கிறோம். அன்றைக்கு நான் கையை நீட்டியிருந்தால் அவர்களுக்காவது அப்போதே தெரிந்திருக்கும். நம் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் பேசி வைத்திருக்கிறார். வீடுகளுக்கு நானே போகிறேன் என்றேன்.

இன்று காலை வாடிப்பட்டியில் இறங்கியதும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாமா என்று இருந்தது. மாரியம்மா அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“வாங்க தம்பி. கூட வந்த தம்பிய எங்க காணோம்? அவரு வந்து ஒன்னுமில்லன்னு சொன்ன பெறகு எம்புட்டு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?”

நான் அவர் காலைப் பார்த்தேன். மெட்டி சதைக்குள் புதைந்து கிடந்தது.

“அன்னைக்குச் சொன்னது தப்புக்கா. நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“அந்தத் தம்பியா தப்பாச் சொன்னுச்சு?”

“இல்லக்கா. தப்பு என்னோடது. ஊசிக்குப் பயந்துக்கிட்டு, நான் கொடுக்க வேண்டிய ரத்தத்த அவனக் கொடுக்க வச்சேன். அவனுக்கே அந்த நோய் இருந்திருக்கு. எங்களுக்குத் தெரியல.”

“இப்ப எப்படி இருக்காரு?” என்றார்.

நீ இறந்துவிட்டாய் என்று நான் இதுவரை என் வாயால் யாரிடமும் சொன்னதில்லை, மாப்ள. அவரிடம்தான் முதலில் சொன்னேன். அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தார். சேலையை இழுத்து அதை மூடிக்கொண்டார்.

சட்டைப் பையில் இன்னும் ஆறு பெயர் இருக்கிறது.