செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

சம்மாந்துறை
12.06.1979

என் கண்ணான மகன் ஷரிபுதீனுக்கு உம்மாவின் ஸலாம். அந்த வெயில் தேசத்தில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் றப்பு காப்பானாக. நாங்கள் சுகம் என்றுதான் கை எழுதப் போகிறது, நான் சுகம் என்று திருத்தி எழுதுகிறேன். வாப்பா கண்ணை மூடியபின் வெளி ஆம்பிளைகள் கண்ணில் படாமல் நான் இருக்கும் இத்தா ஷஃபான் மாதத்தில் முடியும், அதுவரை இந்த அறையும் பின்வளவும்தான். சோறு இன்னும் இரண்டு பேருக்குத்தான் ஆக்குகிறேன், மிச்சம் கோழிக்கு.

வயலை மீராசாஹிபுவுக்கு விற்றுவிட்டுக் கொழும்பில் தங்கச்சி நதீரா வீட்டில் போய் இருக்கச் சொல்லி எழுதியிருந்தாய். அதற்கு முன் இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். இங்கினியாகலைச் சமுத்திரக் குளம் வற்றிக் கிடப்பதால் போன மாதக் கடைசியில் இருந்து வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுகிறார்கள். நமக்கு வெள்ளிக்கிழமை, பக்கத்து வயல் வீரமுனைக் கனகரெத்தினத்துக்குச் செவ்வாய். வீட்டுச் செலவில் ஒரு சதம் பிசகாத நான், வயலைப் பார்க்கப் புதிதாக வந்த முல்லைக்காரன் அச்சிமுகம்மதுவிடம் வெள்ளி தவறாமல் வரம்பு வக்கடையைத் திறந்து பாய்ச்சச் சொன்னேன். இரண்டு வெள்ளியும் பாய்ந்தது.

போன சனிக்கிழமை கனகரெத்தினம் வந்து கடப்படியில் நின்றார், நான் கதவுக்குப் பின்னால். சுஹறா சாச்சி நடுவில் நின்று அவர் சொன்னதை எனக்கும் நான் சொன்னதை அவருக்கும் திருப்பிச் சொன்னாள். இரண்டு பேருக்கும் நேரே கேட்கிறது என்று தெரிந்தும் விடவில்லை, ஏன் மெலிஞ்சி போயிட்டீங்க எண்டு ராத்தா கேக்கிறா என்று நான் கேட்காததையும் கேட்டாள். வாப்பாவும் அவரும், முறை வைக்கும் காலமெல்லாம், வருஷக்கணக்காக நாளை மாற்றிக்கொண்டவர்களாம். வாப்பா ஜும்ஆத் தொழுகையை விடமாட்டார், அவர் செவ்வாயில் கோயிலை விடமாட்டார், அதனால் வெள்ளித் தண்ணீர் அவருக்கு, செவ்வாய்த் தண்ணீர் நமக்கு. எல்லாம் வாய்ச்சொல்தான், வாப்பா வீட்டில் சொன்னதே இல்லை. அதன்படி அவர் இரண்டு செவ்வாயும் தன் வக்கடையை அடைத்து நமக்கு விட்டிருக்கிறார், நம் பக்கம் திறக்க ஆளில்லாமல் அவ்வளவும் வடிச்சலில் இறங்கி ஆற்றோடு போய்விட்டது. வெள்ளியையும் நாமே எடுத்துவிட்டோம். கதிர் வரும் நேரத்தில் அவர் வயல் வெடித்துக் கிடக்கிறது. முதல் வெள்ளியே வந்து சொல்லியிருக்கலாமே என்றதற்கு, இத்தா இருக்கிற வீட்டு வாசல்ல வந்து தண்ணிச் சண்டை புடிக்கிறதா ராத்தா என்றார்.

இந்தக் கிழமை இரண்டு முறையும் நீங்களே எடுங்கள், நம் பயிர் மணி பிடிக்காமல் சப்பியானால் ஆகட்டும் என்றேன். வெள்ளி மட்டும் போதும் என்றார். செவ்வாய் காக்காட தண்ணி, அதுல நான் கை வெக்க மாட்டன் என்றார், காக்கா என்று வாப்பாவைச் சொல்லி. அதைச் சுஹறா திருப்பிச் சொல்லவில்லை.

இன்று செவ்வாய். அச்சிமுகம்மது விடிய சுபஹோடு வயலுக்குப் போய்விட்டான். வாய்க்கால் சத்தம் இங்கே கேட்காது, ஆனாலும் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தபடி இதை எழுதுகிறேன். ஊரெல்லாம் வாப்பாவை மௌத்தாகிப் போனவர் என்றுதான் கதைக்கிறது, இன்னும் அது அவர் தண்ணீர் என்று சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார். வயல் கைமாறினால் செவ்வாயும் பேர் மாறிவிடும். நான் வெளியே இறங்கி அந்த வரம்பில் ஒரு முறை நின்று பார்க்கும்வரை மீராசாஹிபுவுக்கு வார்த்தை கொடுத்துவிடாதே மகன்.

தொழுகையைப் பிந்த விடாதே, வெயிலில் தலையை மூடிக்கொள். நீ உழைக்கும் றிஸ்கில் அல்லாஹ் பறக்கத் செய்வானாக. நோன்புக்கு முன் ஒரு கடிதம் போடு. அதில் வாப்பாவைப் பற்றியும் நாலு வரி எழுது, போன கடிதத்தில் வயலைப் பற்றி மட்டும்தான் எழுதியிருந்தாய்.

உனக்காகத் துஆச் செய்யும் உம்மா,
றாஹிலா