மைக்கில் சொல்லப் போகும் பேர்

கோமதி அப்பாவுக்கு,

நைட் டூட்டி முடிஞ்சு அசந்து தூங்குதீய, எழுப்ப மனசு வரல. இட்லி சட்டியில இருக்கு.

‘பொம்பளை ஓடுனா ஊரே சிரிக்கும்’னு நேத்து சொன்னீய. சிரிக்கட்டும். பிரசவ வார்டுக்குக் கட்டில் வாங்கப் பணம் சேர்க்கத்தான் இன்னைக்குக் குத்துக்கல்வலசைக் குளத்தைச் சுத்தி ஓடுதோம். அங்க கட்டில் இல்லாம கோமதியைத் தரையில பாய் விரிச்சுப் பெத்தவ நான். நான் ஓடாம வேற யாரு ஓடுவா?

உங்க கான்வாஸ் ஷூவைத்தான் போட்டிருக்கேன்; முனையில துணி அடைச்சதும் கச்சிதமா இருக்கு.

ஏழு மணிக்குக் கோமதியோட கரைக்கு வாங்க. சாரல் விழுது, குடை எடுத்துக்கிடுங்க.

குருவம்மாள்

எழுத விட்டுப்போச்சு: ஓட்டம் நடத்துதவங்க மைக்குல ‘ஏட்டையா சம்சாரம்’னு சொல்லுதோம்னாங்க. என் பேரைத்தான் சொல்லணும்னுட்டேன். ஒன்பது வருஷமா பேரைச் சொல்லாம ‘ஏட்டி’ன்னே கூப்பிடுதீய, என் பேரு குளக்கரை முழுக்க எப்படிக் கேக்குதுன்னு வந்து பாருங்க.