ரூட்டர் நின்ற ஞாயிற்றுக்கிழமை

15.6.2008, ஞாயிறு

தளியில் நான் நடத்தும் பிரவுசிங் சென்டரின் ரூட்டரை இன்று நானே கெடுத்தேன். அதை இயக்கும் மென்பொருள், கம்பெனி போட்டுக் கொடுத்த பழைய ஃபர்ம்வேர். அதில் ஒரு பகுதியை, ஒரு பேக்கேஜை மட்டும் அப்டேட் செய்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றினேன். பாதியில் ரூட்டரின் மெமரியில் இடம் நிறைந்து நின்றது, பிறகு அதற்கு உயிர் வரவில்லை.

நாலு மணிக்குக் கௌரம்மா கைக்குழந்தையோடு வந்தாள். மஸ்கட்டில் இருக்கும் கணவன் இன்னும் குழந்தையைப் பார்க்கவில்லை. இன்று வெப்கேமில் காட்டுவதாக இருந்தது. நாளை அவனைப் பாலைவன முகாமுக்கு அனுப்புகிறார்கள். அங்கே நெட் கிடையாது.

"லைன் வந்துருமாண்ணா?"

"வந்துரும்மா, கொஞ்சம் இரு" என்றேன். வராது என்று தெரியும்.

இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள்.

"அவரு அங்க காத்துட்டே இருப்பாருண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாலு மணிக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் பஸ் ஏறி ஓசூரில் ஏதாவது ஒரு சென்டருக்குப் போயிருப்பாள்.