மடிப்புக்கு ஒன்றரை அங்குலம்

மார்ச் 3, செவ்வாய்

கடையில் நான்கு கால்சட்டைக்கு நீளம் குறைத்தேன், ஒரு ஜிப் மாற்றினேன். வீட்டுக்கு வந்தால் என் மனைவி வாசலில் என் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கிறாள். பெருவிரல் நுனி தரையைத் தேடிக்கொண்டிருக்கிறது.

பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்துவிட்டதாம். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். ஏப்ரல் ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்குச் சொந்த வண்டியோடு போய் நிற்க வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். எட்டு வருஷம் கழித்து வேலைக்குப் போகிறாள். ஓட்டும்போது நன்றாகத்தான் ஓட்டுகிறாள். நிறுத்தும்போதுதான் ஆளும் வண்டியும் ஒரு பக்கமாகப் போகிறார்கள்.

"கால் எட்டலைன்னா என்ன பண்றது?" என்றாள்.

"நீளம் குறைக்கிறதுதானே என் தொழில்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மார்ச் 7, சனி

மெக்கானிக் முன்னும் பின்னும் ஸ்பிரிங்கை இறக்கி, வண்டியின் உயரத்தைக் குறைத்துக் கொடுத்தார். இவள் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்காலும் முழுதாகத் தரையில். தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். உடனே இறங்கச் சொல்லிவிட்டேன்.

சைடு ஸ்டாண்டைப் போட்டோம். வண்டி பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்கிறவன் மாதிரி விறைத்து நின்றது. இருவரும் கைதட்டாத குறை. பிறகு, அவசரமே இல்லாமல், மறுபக்கம் சாய்ந்து விழுந்தது. கீழ்வீட்டுக் கணக்கு டீச்சரின் ரோஜாத் தொட்டி போயிற்று.

வண்டியை இறக்கியாகிவிட்டது. ஸ்டாண்டு மட்டும் பழைய நீளத்திலேயே இருக்கிறது. குட்டைக்காரனுக்கு நெட்டைக்காரன் கால்சட்டை. இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டாமா?

மார்ச் 8, ஞாயிறு

டீச்சர் சண்டைக்கு வருவார் என்று பார்த்தால் கோணமானியோடு வந்தார். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்ததில்லை.

"வண்டி பத்து டிகிரி சாஞ்சு நிக்கணும். இப்ப ரெண்டுதான் இருக்கு. முக்கால் இஞ்ச் எடுத்தாப் போதும்."

காகிதத்தில் முக்கோணம் வேறு போட்டுக் காட்டினார். நானும் என் டேப்பால் அளந்தேன். முக்கால்தான். இரண்டு நிபுணர்களுக்கும் ஒரே விடை.

மார்ச் 10, செவ்வாய்

ஸ்டாண்டைக் கழற்றி வெல்டிங்காரரிடம் கொடுத்தேன். நடுவில் வெட்டியெடுத்து இரண்டு பக்கத்தையும் ஒட்ட வேண்டும். அவர் கையில் விடவில்லை, என் சாக்கட்டியால் நானே கோடு போட்டேன்.

"இவ்ளோவா சார்?" என்றார்.

"கோட்டைப் பார்த்து வெட்டுங்க. பத்தொன்பது வருஷமா கோடு போடுறேன்."

சாயங்காலம் வாங்கிக்கொண்டேன். வெட்டின துண்டையும் கேட்டு வாங்கினேன். மிச்சத் துணி கேட்டு என் உயிரை எடுக்கிற வாடிக்கையாளர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்த வியாதி வந்துவிட்டது.

மார்ச் 11, புதன்

வண்டி படுத்துவிட்டது. விழவில்லை, படுத்திருக்கிறது. கைப்பிடியில் மாட்டிய பை தரையைத் தொடுகிறது.

டீச்சர் குனிந்து கோணமானியை வைத்தார். "முப்பத்தொண்ணு" என்றார், பரீட்சை மார்க் சொல்கிற குரலில்.

இவள் நிமிர்த்திப் பார்த்தாள். தம் பிடித்து இழுத்தாள். முடியவில்லை. "ரத்தம் எடுக்கப் போற வீட்டுலெல்லாம், வண்டியத் தூக்கிவிட ஆள் வாங்கன்னு கூப்பிடவா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்த வெல்டிங்காரனை... நாளைக்கு இருக்கு அவனுக்கு.

மார்ச் 12, வியாழன்

எனக்குத்தான் இருந்தது.

போனதும் கத்தினேன். அவர் போனை எடுத்து நீட்டினார். வெட்டுவதற்கு முன் எடுத்த படம். இரும்பில் என் வெள்ளைக் கோடுகள், அழகாக, நேராக, மூன்று.

"முதல் கோட்டுலேர்ந்து கடைசிக் கோடு வரைக்கும் எடுத்தேன். ரெண்டேகால் இஞ்ச். அந்த மூணாவது கோடு எதுக்கு சார்?"

பார்த்தேன். இரண்டு கோடு முக்கால் அங்குலத்துக்கு. மூன்றாவது, அதற்கு மேல் ஒன்றரை அங்குலம் தள்ளி.

"மடிப்புக்கு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கால்சட்டைக்கு உள்மடிப்பு விட்டே பழகின கை. நான் சொல்லாமலே போட்டிருக்கிறது.

"இரும்பை மடிச்சுத் தைப்பீங்களா சார்?"

அதற்கு மேல் கத்த முடியுமா? அந்தக் கனத்தில் வேறு குழாய் அவரிடம் இல்லை. வெட்டின துண்டு இருந்தால் அதில் ஒன்றரை அங்குலத்தை மறுபடி ஒட்டித் தருவாராம். இருக்கிறதே, கடையில் பத்திரமாக இருக்கிறதே என்று ஓடி வந்தேன்.

மார்ச் 13, வெள்ளி

துண்டைக் காணோம்.

மார்ச் 16, திங்கள்

மிஷினுக்கு அடியில் பார்த்தாயிற்று. பட்டன் டப்பாக்களைக் கொட்டியாயிற்று. இவள் தினமும் காலையில் வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறாள். என்னிடம் எதுவும் கேட்பதில்லை. ஏன் கேட்க மாட்டேன் என்கிறாள்? கேட்டால் நானும் நாலு வார்த்தை பேசுவேனே.

பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்து, வர முடியாது என்று சொல்லிவிடலாமா என்று அவள் தன் அம்மாவிடம் பேசியது காதில் விழுந்தது.

மார்ச் 19, வியாழன்

கண்டுபிடித்தேன். மிச்சத் துணி போடுகிற கவரில் விழுந்திருக்கிறது. அந்தக் கவர் யாரிடம் போனது? கைக்குட்டை அளவுத் துணியைக்கூட விடாமல் கேட்டு வாங்குவாரே, அந்தக் கஞ்சமகாப்பிரபுவிடம்.

வீட்டுக்கே போனேன். துண்டு அவர் மேசையில், பேனா செருகப்பட்டு, ஜம்மென்று நிற்கிறது.

"என் துணியோட வந்துச்சு. என்னுதுதானே?"

"துணியில இரும்பு எப்படிங்க வரும்?"

"அதைத்தான் நானும் யோசிச்சேன். தைக்கிறவர் கொடுத்தா காரணம் இருக்கும்னு வச்சுக்கிட்டேன்."

இவள் வேலையைப் பற்றிச் சொன்னேன். ஏப்ரல் ஒன்று என்றேன். குரல் லேசாக உடைந்தது, நடிப்பில்லை. பேனாவை உருவிக்கொண்டு துண்டைக் கொடுத்தார். பதிலுக்கு அவர் பழைய சட்டையில் பேனாவுக்கு ஒரு பை தைத்துத் தர வேண்டும். தைத்துத் தருகிறேன் சாமி.

மார்ச் 21, சனி

வெல்டிங்காரர் துண்டில் முக்கால் அங்குலத்தை வெட்டிவிட்டு, மீதி ஒன்றரையை ஒட்டிக் கொடுத்தார். என்னைக் கோடு போட விடவில்லை. சாக்கட்டியை முதலில் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஸ்டாண்டில் இப்போது இரண்டு ஒட்டு. மாட்டினோம். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கோணமானியை வைத்தார்.

"பத்தேகால். கால் மார்க் குறைக்கலாம். வேண்டாம், விடுங்க."

இவள் ஒற்றைக் கையால் வண்டியை நிமிர்த்தினாள். சாய்த்தாள். நிமிர்த்தினாள். ஏழு எட்டு முறை. பிறகு என்னைப் பார்த்து, "மடிப்புக்கு விட்டது நல்லதாப் போச்சு" என்றாள். பத்து நாளுக்குப் பிறகு சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் இதை இனி ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

ஏப்ரல் 1, புதன்

ஆறு இருபதுக்குக் கிளம்பிவிட்டாள். நான் எழுந்திருப்பதற்குள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

லீவுதானே என்று நான் வண்டியை எடுத்தேன். காலை ஊன்றினால் முழங்கால் இரண்டும் கைப்பிடியில் இடிக்கிறது. மூன்று சக்கர சைக்கிளில் உட்கார்ந்த பெரிய மனுஷன் மாதிரி தெருமுனை வரை போனேன். வாசலிலிருந்து டீச்சர் பார்த்தார். திரும்பி வந்து சாவியை இவள் பையிலேயே போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 20, திங்கள்

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சிக்னலில் நின்றபோது கீழே பார்த்தேன். பக்கத்தில் இவள். பின்னால் ரத்தக் குப்பிகள் வைக்கிற பெட்டி. முன்னால் நின்ற காரைப் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிடலாமா என்று நினைத்தேன். கூப்பிடவில்லை, காலைத்தான் பார்த்தேன். இரண்டு காலும் தரையில் இருந்தன.